ஈர அலாரம் செய்யப் புறப்படும் இளையவர்களுக்கு

படுக்கையில் சலம் போகும் பிள்ளைக்கு ஓர் ஈர அலாரம் செய்து கொடுக்கலாமா என்று கொலன்னாவைப் பக்கத்து இளம் தாய்தகப்பன்மாரும், எலக்ட்ரோனிக்ஸ் படிக்கும் தம்பி தங்கச்சிமாரும் என்னிடம் வந்து கேட்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அலாரத்தின் விலை எல்லாக் குடும்பத்துக்கும் எட்டாது. அதே வேலையைச் செய்யும் பாகங்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கைக்கடக்கமான விலைக்குக் கிடைக்கும். றேடியோ, ரி.வி. திருத்தும் மேசையில் காலம் கழித்தவன் என்ற முறையில் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: செய்யலாம். கருவி ஒரு பின்னேர வேலை. அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று மாத இராவேலைதான் பிள்ளையைச் சுகப்படுத்தும். இரண்டையும் சேர்த்துச் செய்ய மனமுள்ளவர்களுக்காக இவற்றை எழுதுகிறேன்.

1. முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சோல்டரிங் அயனைச் சூடாக்க முன்னர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மிஸ்ஸிடம் கேட்டால் வழி சொல்லுவார். பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. பகலிலும் நனைக்கிறதா, சலம் போகும்போது எரிகிறதா, சலத்தில் இரத்தம் தெரிகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, இரவில் பலமாகக் குறட்டை விடுகிறதா, காலில் பலவீனம் உண்டா என்று கவனித்துச் சொல்லுங்கள். நிறைந்த மலக்குடல் சலப்பையை நெருக்கும். மலச்சிக்கலைத் தீர்த்தவுடனேயே படுக்கை காய்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சலம் போய், மெலிந்துகொண்டும் வந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஆறு மாதமோ அதற்கு மேலோ காய்ந்த படுக்கையில் எழும்பிய பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால், உடம்போடு சேர்த்து மனதையும் பாருங்கள். கொலன்னாவைக்காரருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் களனி ஆறு பெருகி வீடுகளுக்குள் வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட பயத்தைக் கண்ட பிள்ளை மீண்டும் படுக்கையை நனைப்பது வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். வீட்டில் சண்டை, பள்ளிக்கூடத்தில் அடி, யாராவது பெரியவரின் தகாத நடத்தை ஆகியவையும் காரணமாகலாம். அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கதைக்கும் ஓர் ஆள்.

2. பிள்ளையில் குற்றமில்லை என்பதை நீங்கள் முதலில் நம்புங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் படுக்கையை நனைப்பவர்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மிஞ்சியிருப்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். இதற்குப் பின்னால் மூன்று காரணங்கள் உண்டு: இரவில் சலத்தைக் குறைக்கும் ஹோர்மோன் சில பிள்ளைகளில் போதியளவு சுரப்பதில்லை, சிலரின் சலப்பை நிறையுமுன் சுருங்குகிறது, இரண்டில் எது நடந்தாலும் நித்திரையிலிருக்கும் மூளைக்கு அந்தச் செய்தி எட்டுவதில்லை. இது பரம்பரையாகவும் வரும். தாய் தகப்பன் இருவரும் சிறுவயதில் நனைத்திருந்தால் பிள்ளையும் நனைக்கும் வாய்ப்பு பத்தில் ஏழுக்கு மேல். ஒருவர் மட்டும் என்றால் பத்தில் நான்குக்கு மேல். ஆகவே அடிக்கக் கை ஓங்க முன்னர் உங்கள் அம்மாவிடம் உங்கள் சிறுவயதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கேட்டதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்று அறியும் பிள்ளைக்குப் பாதிப் பாரம் குறையும்.

நனைந்த மெத்தையை ஊர் பார்க்க முன்வாசலில் காயப்போடுவது, சொந்தக்காரர் முன்னால் சொல்லிச் சிரிப்பது, தம்பியோடு ஒப்பிட்டுப் பேசுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெட்கத்தால் எந்தச் சலப்பையும் பழகியதில்லை.

3. பிள்ளை சம்மதிக்க வேண்டும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அலாரம் வேண்டாம். ஏழு வயதளவில், தனக்கே இந்த நனைப்பு நிற்க வேண்டும் என்ற ஆசை வந்த பிள்ளைதான் இதற்குச் சரியான ஆள். கருவியை மேசையில் வைத்து, எப்படி வேலை செய்கிறது என்று காட்டுங்கள். பிள்ளையே விரலை நனைத்துத் தொட்டு ஒலிக்க வைக்கட்டும். பெட்டிக்கு நிறத்தைத் தெரிவு செய்யட்டும். பயந்தாலோ வேண்டாம் என்றாலோ ஆறு மாதம் பொறுங்கள். கட்டாயப்படுத்திக் கட்டிவிட்ட அலாரத்தைப் பிள்ளை இரவில் கழற்றி எறிந்துவிடும்.

4. அலாரம் எப்படிச் சுகப்படுத்துகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

1904 இல் பவுண்ட்லர் என்ற வைத்தியர், வார்ட்டில் எந்தப் பிள்ளை நனைந்திருக்கிறது என்று தாதிமாருக்குத் தெரியட்டும் என்பதற்காகப் படுக்கையில் ஒரு மணியைப் பொருத்தினார். துணி மாற்றுவதற்காக வைத்த அந்த மணியால் பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்தத் தொடங்கியதைக் கண்டார். 1938 இல் அமெரிக்காவில் ஹோபார்ட் மவ்ரர், வில்லி மே மவ்ரர் என்ற தம்பதியினர் அதை ஒரு முறையான சிகிச்சையாகவே ஆக்கினார்கள். அவர்கள் 30 பிள்ளைகளுக்கு மணியும் விரிப்பும் கொண்டு பழக்கி, எல்லோருக்கும் பலன் கிடைத்ததாக எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அலாரம் பாவிக்கும் காலத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் காய்ந்த படுக்கைக்கு வருகிறார்கள். விடாமல் செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நிறுத்திய பின்னும் அது நிலைக்கிறது.

சலப்பை நிறைந்து சலம் வெளிவரத் தொடங்கும் அதே கணத்தில் ஒலி எழும்புகிறது. இரவுக்கிரவு இது நடக்க நடக்க, நிறைந்த சலப்பையின் உணர்வையும் விழிப்பையும் மூளை சேர்த்துப் பழகிக்கொள்கிறது. பிறகு சலம் வருமுன்பே பிள்ளை விழிக்கும், அல்லது விடியும்வரை அடக்கிக்கொண்டு நித்திரை கொள்ளும். முதல் துளியிலேயே ஒலிக்காமல் முழுதும் நனைந்து கால் மணித்தியாலம் கழித்து ஒலிக்கும் கருவியால் இந்தப் பழக்கம் உண்டாகாது. உங்கள் வேலைப்பாட்டை அளக்கும் முதல் அளவுகோல் இதுவே.

5. பற்றறி மட்டும். சுவர் மின்சாரம் எந்த வழியிலும் வேண்டாம்.

நனைந்த பிள்ளை, நனைந்த துணி, உடம்போடு ஒட்டிய வயர் மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் இது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். அடப்டர், போன் சார்ஜர், யூ.எஸ்.பி. எதையும் இந்தக் கருவியில் செருகக் கூடாது. செருகும் துளையே வைக்காதீர்கள். பழைய போனிலிருந்து கழற்றிய லித்தியம் பற்றறியைப் பிள்ளையின் படுக்கைக்குள் விடாதீர்கள். பட்டன் பற்றறியும் வேண்டாம்: பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். சாதாரண ஏ.ஏ. பற்றறி மூன்று, 4.5 வோல்ட், போதும். அதுவும் திருகாணி போட்டு மூடும் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

குறைந்த வோல்ட்தானே என்று அலட்சியமும் வேண்டாம். பழைய காலத்து மணி விரிப்புகளில் பிள்ளை ஈரத்திலேயே தூங்கிக்கொண்டிருக்க, மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்து தோலில் புண் உண்டாக்கியது. பற்றறி மின்சாரம் உப்பு நீரில் பாயும்போது உலோகத்தைச் சுற்றிக் காரமும் அமிலமும் உருவாகும்; தோலைச் சுடுவது அதுதான். 1960களில் பிரித்தானிய வைத்தியர்கள் அந்தப் புண்ணை 'பசர் புண்' என்று பெயரிட்டே பதிவு செய்தார்கள். இதைத் தடுக்க முதல் வழி மின்னோட்டத்தை மிகச் சிறிதாக்குவது.

6. சுற்று எளிமையாக இருக்கட்டும்.

இரண்டு பி.சி. 547 ரான்சிஸ்டர், 4.5 வோல்ட்டில் ஒலிக்கும் சிறு பசர் ஒன்று, மூன்று ரெசிஸ்டர், திருகிச் சரிசெய்யும் பிரீசெட் ஒன்று, மூன்று பற்றறி போடும் ஹோல்டர். இவ்வளவுதான். முதல் ரான்சிஸ்டரின் எமிற்றரை இரண்டாவதன் பேஸில் இணையுங்கள். முதலாவதன் கலெக்டரை நேரே நேர்முனையில் கொடுங்கள். இரண்டாவதன் கலெக்டருக்கும் நேர்முனைக்கும் இடையில் பசர் வரும். இரண்டாவதன் எமிற்றர் எதிர்முனைக்குப் போகும். ஈரத்தை அறியும் உணரியின் ஒரு வயர் நேர்முனையிலிருந்தும் மற்றது முதல் ரான்சிஸ்டரின் பேஸிலிருந்தும் வரட்டும். இரு வயரிலும், பெட்டிக்குள்ளேயே, ஆளுக்கொரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இந்த இரண்டையும் எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். உணரியின் இரு முனையும் நேரே ஒட்டிக்கொண்டால்கூட 4.5 வோல்ட்டை 200 கிலோ ஓமால் பிரித்தால் 22.5 மைக்ரோ அம்பியர்தான் வரும். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்.

முதல் ரான்சிஸ்டரின் பேஸிலிருந்து எதிர்முனைக்கு 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதனோடு வரிசையாக 1 மெகா ஓம் பிரீசெட்டும் போடுங்கள். பிரீசெட்டைக் குறைக்கக் குறைக்கக் கருவி சிறு ஈரத்தைப் பொருட்படுத்தாது. கூட்டினால் இலேசான ஈரத்துக்கும் ஒலிக்கும். மைக்ரோகன்ட்ரோலர், புளூடூத் என்று போகும் ஆசை இளையவர்களுக்கு வரும். அதை இரண்டாவது கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஹேங் ஆகி நிற்கும் கருவி பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுக்கும்.

7. உணரியில்தான் கைவேலை இருக்கிறது.

பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, உள்ளங்கை அளவில் ஒரு சிறு பட்டையாகத் தையுங்கள். அதன் வெளிப்பக்கத்தில், தோல் படாத பக்கத்தில், இரண்டு பிரஸ் பட்டன்களை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் தையுங்கள். அவற்றின் மறுபாதிகளில் வயரைப் பொருத்தினால், பட்டையைக் கழற்றித் துவைப்பது சுலபம். உலோகம் நேரே தோலில் படக்கூடாது. நிக்கல் பூச்சுப் பட்ட இடத்தில் சில பிள்ளைகளுக்கு அரிப்பு வரும். செம்புக் கம்பி ஓரிரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். ஈயப்பற்று வைத்த இடம் எதுவும் பிள்ளையின் தோலுக்கோ வாய்க்கோ எட்டக்கூடாது.

பட்டை உள்ளாடைக்கு வெளியே, சலம் முதலில் படும் இடத்தில் இருக்க வேண்டும்: ஆண் பிள்ளைக்கு முன்பக்கம், பெண் பிள்ளைக்குச் சற்றுக் கீழே நடுவில். அதற்கு மேல் இறுக்கமான இன்னொரு உள்ளாடை போட்டால் அசையாது. வயரைச் சட்டைக்கு உள்ளே கொண்டு போய்ப் பெட்டியைத் தோள் பக்கம் சட்டையில் குத்துங்கள். வயர் கழுத்தைச் சுற்றாத நீளத்தில் இருக்கட்டும். இடையில் இயர்போன் ஜாக் போன்ற, இழுத்தால் உடனே கழன்றுவிடும் ஓர் இணைப்பு வையுங்கள். பசரைக் காதோடு ஒட்டி வைக்காதீர்கள்.

8. கொழும்பு வியர்வையை வைத்துச் சோதியுங்கள்.

வியர்வையும் உப்பு நீர்தான். தகரக் கூரை வீட்டில், காற்றாடி நின்ற இரவில், சும்மா வியர்த்ததற்கே அலாரம் கத்தினால் பிள்ளைக்கும் உங்களுக்கும் வெறுத்துவிடும். ஆகவே சோதனையை இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஒரு கோப்பை தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் சில துளிகளைப் பட்டையில் விடுங்கள். உடனே ஒலிக்க வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரால் சோதிப்பது பிழை, அது சலத்தைவிட மிகக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். அடுத்து பட்டையைப் பகலில் வியர்க்க வியர்க்க நீங்களே உடம்பில் ஒரு மணித்தியாலம் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள், ஒலிக்கக் கூடாது. இரண்டும் சரிவரும் இடத்தில் பிரீசெட்டை நிறுத்தி, ஒரு சொட்டு நெயில் பொலிஷால் பூட்டிவிடுங்கள். பற்றறி இறங்க இறங்கக் கருவி மந்தமாகும். வாரம் ஒருமுறை உப்புத் தண்ணீரால் சரிபாருங்கள்.

9. ஒலித்தவுடன் எழும்ப வேண்டியவர் நீங்கள்.

முதல் சில வாரங்களில் வீட்டில் எல்லோரும் எழும்புவார்கள். பிள்ளை மட்டும் எழும்பாது. அலாரம் வேலை செய்யவில்லை என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் படுங்கள். ஒலித்த உடனே பெயர் சொல்லி எழுப்பி, கண் திறந்து உங்களோடு கதைக்கும்வரை நிற்க வையுங்கள். வயரைப் பிள்ளையே கழற்றி ஒலியை நிறுத்தட்டும். தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய் இருத்தினால் அது எதையும் பழகாது. மலசலகூடத்தில் மிச்சச் சலத்தைப் போகச் சொல்லுங்கள். பிறகு உடுப்பு மாற்றி, காய்ந்த பட்டையைப் பொருத்தி, மறுபடி படுக்க விடுங்கள். எல்லாவற்றையும் குறைந்த சொற்களில், கோபமில்லாமல் செய்யுங்கள். மாற்றுத் துணி, இன்னொரு பட்டை, ரோச் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நம் தோட்ட வீடுகளில் மலசலகூடம் வெளியே இருக்கும், சில இடங்களில் நாலைந்து வீட்டுக்கும் பொதுவாகவும் இருக்கும். மழை இருட்டில் பிள்ளையை அங்கே இழுக்க வேண்டாம். மூலையில் ஒரு வாளி வைத்தால் போதும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். பசரோடு பழைய போனின் வைப்ரேட்டரையும் சேர்த்துத் தோளில் படும்படி வைத்தால் பிள்ளை சீக்கிரம் உணரும். அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்டால், விஷயத்தைப் பெரியவர்களுக்குள் மட்டும் சொல்லி வையுங்கள்.

10. பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.4 லீற்றர் பானம் வேண்டும். நம்முடைய வெயிலுக்கு அதைவிடக் கூடவும் தேவைப்படலாம். அதைக் காலையிலும் பள்ளிக்கூடத்திலும் குடிக்க வைத்தால் இரவுத் தாகம் தானாகக் குறையும். பள்ளிக்கூடக் கக்கூஸ் அழுக்கு என்று பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து, வீட்டுக்கு வந்து வயிறு முட்டக் குடிக்கும் பிள்ளைகள் பலர், அதைக் கேட்டறியுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி, கோலா வேண்டாம். படுக்கப்போகும் நேரத்துப் பால்மாவை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் மாற்றுங்கள். படுக்க முன்னர் ஒருமுறை சலம் போவது வழக்கமாகட்டும்.

11. கலண்டரில் எழுதுங்கள்.

அலாரம் ஒலித்த நேரம், ஈரத்தின் அளவு, பிள்ளை தானாக எழும்பியதா என்று ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கையாலேயே எழுத விடுங்கள். முன்னேற்றம் காய்ந்த இரவாக முதலில் வராது. ஈரம் ஒரு பெரிய வட்டத்திலிருந்து கையகலமாகும். பன்னிரண்டு மணிக்கு ஒலித்தது மூன்று மணிக்கு ஒலிக்கும். இரண்டு முறை ஒலித்த இடத்தில் ஒருமுறை ஒலிக்கும். எழுதி வைத்தால் இவை கண்ணில் படும். படாவிட்டால் பத்தாம் நாளே மனம் சோர்ந்துவிடும். நட்சத்திரமோ பரிசோ கொடுப்பதானால் எழும்பியதற்கும், துணி மாற்ற உதவியதற்கும் கொடுங்கள். காய்ந்த படுக்கைக்கு மட்டும் கொடுத்தால், பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றுக்காக அதைச் சோதித்தவர்களாவீர்கள்.

12. எப்போது நிறுத்துவது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொடர்ந்து 14 இரவு காய்ந்திருந்தால் பலன் கிடைத்ததாக வைத்துக்கொள்ளலாம். அதன் பின் படுக்க முன்னர் ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்து, அலாரத்தோடேயே இன்னும் சில நாள் பழக்குவது உண்டு. அப்படி உறுதிப்படுத்திய பிள்ளைகளில் மறுபடி நனைப்பவர் குறைவு. வந்தாலும் பயமில்லை. மறுபடி அலாரத்தைக் கட்டுங்கள். இரண்டாம் முறை வழக்கமாகச் சீக்கிரம் பலிக்கும். நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் சிறு அடையாளமும் தெரியாவிட்டாலும், மூன்று மாதத்தில் முடியாவிட்டாலும், வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். இரவுச் சலத்தைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் போன்ற மருந்து உண்டு. அதை வைத்தியர் சொல்லும் அளவிலும் தண்ணீர்க் கட்டுப்பாட்டிலும் மட்டும் கொடுக்க வேண்டும். அலாரம் பலிக்காதது பிள்ளையின் தோல்வியல்ல என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

13. மற்றவருக்குச் செய்து கொடுக்கும்போது கருவியை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒரு வீட்டில் பலித்தால் அடுத்த வீட்டுக்காரர் கேட்பார், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் சொந்தக்காரர் கேட்பார். தாராளமாகச் செய்து கொடுங்கள். ஒருவர் பாவித்த பட்டையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காமல் புதிதாகத் தைத்துக் கொடுங்கள். வைத்தியரிடம் காட்டினீர்களா என்று முதலில் கேளுங்கள். பெற்றோரோடு உட்கார்ந்து, இரவில் யார் எழும்புவது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அதற்கு ஒருவரும் முன்வராத வீட்டில் அந்த மாதம் கருவியைக் கொடுக்காதீர்கள்; முன்வரும்போது கொடுங்கள். எந்தப் பிள்ளைக்குச் செய்தீர்கள் என்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.